மாதிரிச் சுவர்

தையல்நாயகி கீழ்வேளூர்த் தெருக்களில் மீன் விற்கிறவள். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனையும் கூடையில் போட்டதில்லை. அப்படிப்பட்டவளிடம் வீட்டை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொள் என்றால் வாங்குவாளா?

கடல் பொங்கி வீடு போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. வயலைத் தூர்த்து, மரச்சட்டச் சுவர் எழுப்பி, அரசாங்கத்தில் நாற்பது வீடு கட்டினார்கள். நடுவில் ஆட்சி மாறியது, திட்டப் பலகையில் பெயரும் மாறியது. சுவர் என்னவோ அதேதான். சாவி வேண்டுமென்றால் 'குறை ஒன்றும் இல்லை' என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட வேண்டும். மகள் சுந்தரிக்கோ மாதம் ஒன்பது. பிறக்கப்போகிற பிள்ளையை இப்போது இருக்கிற தகரக் கொட்டகையில் வேகவைப்பதா, இந்தச் சுவரடியில் தொட்டில் கட்டுவதா? கையால் அழுத்தினாலே கிரீச்சிடுகிற சுவர் அது.

சாவி கொடுக்கிற அன்று இன்ஜினியர் தியாகராசன் பந்தலுக்குள் ஒரு சுவரை நிறுத்தியிருந்தார். பூகம்பம் எப்படித் தள்ளுமோ அப்படி ஜாக்கி வைத்துத் தள்ளிக் காட்டினார். சுவர் அசைந்தது, நிமிர்ந்தது. கரைவேட்டிக்காரர்கள் கைதட்டினார்கள்.

தையல்நாயகி கிட்டே போய்ப் பார்த்தாள். அத்தனையும் தேக்கு. மூலைக்கு மூலை துளைத்து, கோத்து, மரமுளை அடித்திருந்தது. அவள் வீட்டுக்கு வைத்தது பச்சைச் சவுக்கு, மூலைக்கு இரண்டு ஆணி. கட்டும்போது தினமும் வந்து பார்த்தவள் அவள். மேலே நல்ல மீனும் அடியில் நொந்த மீனும் அடுக்கி விற்றால் சந்தையில் செருப்படி விழும். இங்கே மாலையல்லவா போடுகிறார்கள்!

"இது என்ன சார்?"

"மாதிரிச் சுவரும்மா. உங்க வீடும் இதே மாதிரிதான்." மைக்கிலேயே பதில் சொன்னார் தியாகராசன்.

"நீங்க தள்ளுனது மாதிரி வீடு. எங்களுக்குக் கட்டுனது வீடு மாதிரி. அந்த ஜாக்கியத் தூக்கிட்டு வாங்க. எஞ்செவுத்துல வெச்சுத் தள்ளுங்க. நின்னுச்சுன்னா இப்பவே கையெழுத்துப் போடுறேன்."

"என்னம்மா வெளயாடுறீங்களா? அங்க போய் இத வெக்க முடியுமா? விழுந்துரும்மா!"

மைக் அவர் கையில்தான் இருந்தது. பந்தல் முழுக்கக் கேட்டது.

"எம்மவ தகரத்துக்குக் கீழயே பெத்துக்கட்டும் சார். வெக்கைன்னா விசிறிக்கலாம்."

கையெழுத்துப் போடாமல் நடந்தாள். கையெழுத்து வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற பொன்னுத்தாயும் பேனாவை வைத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் பந்தலைப் பிரிக்கும்போது நாற்பது சாவியும் மேசையிலேயே கிடந்தன.