ஆக்டிங் மனேஜர் கொடுத்த லீவு

அந்தோனிப்பிள்ளை ஐயா போய்விட்டார். நேற்றுப் பின்னேரம்... படகுத்துறை ஜெட்டிக் கந்தோரில், வேலை பார்க்கிற தன் கதிரையிலேயே.

நம் வாவியில் சனம் ஏற்றுகிற லோஞ்ச் படகு ஓட்டுகிற கொம்பனியின் ஆக்டிங் மனேஜர். இஞ்சின் பகுதிக்குப் பொறுப்பாக நான் சேர்ந்த நாளிலும் ஆக்டிங். செத்த நாளிலும் ஆக்டிங்.

அப்படியென்றால் என்ன தெரியுமா? மனேஜரின் வேலை முழுக்க உன் தலையில். முடிவு மட்டும் கொழும்பில். ஒரு கயிறு மாற்றவும் தந்தி அடித்துக் கேட்க வேண்டும்.

போன மாரி மழையை எப்படி மறப்பேன்... வாவி கரை மீறி ஓடுகிறது. பழைய லோஞ்சின் அடியில் ஒழுக்கு. மண்டூருக்குப் போகிற சனம் மூட்டை முடிச்சோடு ஜெட்டியில் நிற்கிறது.

இன்றைக்கு ஓட்டம் வேண்டாம் என்று ஐயா தந்தி அடித்தார். கொழும்பிலிருக்கிற டிரெக்டர் துரைமாரிடமிருந்து ஆர்டர் வந்தது. ஓட்டத்தான் வேண்டுமாம். நிறுத்துவதற்கு ஆக்டிங்குக்கு அதிகாரம் கிடையாதாம்.

இந்த வாவியைக் கண்ணாலும் கண்டிராதவர்கள்.

ஐயா சத்தம் போடவில்லை. சுக்கான் பிடிக்கிறவரையும் இஞ்சின் டிரைவரையும் கூப்பிட்டார்.

"லோஞ்ச நிப்பாட்ட எனக்கு அதிகாரம் இல்லதான். லீவு குடுக்க இரிக்குத்தானே. ரெண்டு பேரும் வீட்ட போங்க."

ஓட்ட ஆளில்லாமல் லோஞ்ச் கட்டினபடி கிடந்தது. சனம் எங்களைத் திட்டிக்கொண்டே வீடு போனது... உயிரோடு.

அதற்குத் துரைமார் செய்த கைம்மாறு, லீவு கொடுக்கிற அதிகாரத்தையும் பிடுங்கியதுதான். தன் லீவுக்கும் அவர் கொழும்பைக் கேட்க வேண்டும் என்றார்கள்.

போன கிழமை நெஞ்சு நோகிறது என்றார். ஆஸ்பத்திரிக்குப் போங்கள் ஐயா என்று கத்தினேன், கெஞ்சினேன். கொழும்பைக் கேட்காமல் போனால் அதையே சாட்டாக வைத்து வேலையை விட்டுத் துரத்தக் காத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

"தந்தி அடிச்சிரிக்கன் தம்பி. பதில் வரட்டும்."

பதில் இன்று காலை வந்தது. லீவு இப்போது வசதிப்படாதாம்.

படுபாவிகள்.

நண்பர்களே, இன்று லோஞ்ச் ஓடாது. ஜெட்டியில் யாரும் காத்திருக்க வேண்டாம். சுக்கான் பிடிக்கிறவர், டிரைவர், டிக்கெட் வெட்டுகிறவர்... எல்லாரும் ஐயாவை அடக்கம் செய்யத் தன்னாமுனைச் சவக்காலைக்கு வருகிறோம்.

லீவு நான்தான் கொடுத்தேன். எனக்கும் அந்த அதிகாரம் இல்லை. கொழும்பைக் கேட்கவும் இல்லை.

போயிட்டு வாங்க, மனேஜர்.