முற்றாத காயும் பதின்மூன்று டிகிரியும்

கோல்டு ரூமிலிருந்து எடுத்த முதல் பிளாஸ்டிக் கிரேட்டைத் திறந்தேன். இருபது நாள் முன்பு உள்ளே வைத்த பங்கனபள்ளி மாங்காய். தோல் சுருங்கி, சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக இருந்தது. அடுத்த கிரேட்டும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

இலுப்பூர் பக்கத்தில் மா விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கிடங்கு அது. நான் ஆபரேட்டராகச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் பதினோரு வருடம் கோட்டைப்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட் வேலை. மீனுக்குக் குளிர் கூடக்கூட நல்லது. மாங்காய்க்குப் பதின்மூன்று டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்று மேனேஜர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

காய், ஆவூர்ப் பக்கத்து ஆரோக்கியமேரி அக்காவுடையது. கணவர் போன பிறகு தோப்பைத் தனியாகப் பார்த்த முதல் வருடம். தகவல் சொன்ன ஒரு மணி நேரத்தில் மொபெட்டில் வந்துவிட்டார்.

“நல்ல காயாத்தான தம்பி கொண்டாந்து வச்சேன்? இப்புடி வதங்கிப் போச்சே. மெசின நிறுத்திப்புட்டீங்களா?”

மேனேஜரும் என்னைத்தான் பார்த்தார். “ரீடிங் நோட்ட எடுப்பா.”

அறையின் வெப்பநிலையை எழுதிவைக்கும் அந்த நோட்டில் எல்லா வரியிலும் பதின்மூன்று. அதில் ஒரு வரி பொய். காய் வந்த மூன்றாம் நாள், பழைய ஐஸ் பிளான்ட் பழக்கத்தில் எட்டுக்கு செட் பண்ணிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒன்பதரை. பதறிப்போய் மாற்றினேன். நோட்டில் மட்டும் பதின்மூன்று என்று எழுதினேன்.

மகளை இலுப்பூர் ஸ்கூலில் சேர்த்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். அந்த அக்கா ஒவ்வொரு காயாக எடுத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் முடியவில்லை.

“தப்பு எம்மேலதான் சார்,” என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மேனேஜர் நோட்டில் அந்தத் தேதியைத் தேடினார். பிறகு கேட்டார்: “அன்னைக்கி இந்த ரூம்ல வேற யாரு காய் இருந்துச்சு?”

குன்றாண்டார்கோவில் சின்னையா அண்ணனின் காய் இருந்தது. அதே பங்கனபள்ளி, பக்கத்து ரேக், அக்காவின் காய்க்கு ஒரு நாள் முன்னால் வந்தது. போய்த் திறந்தோம். ஒரு காயில்கூடச் சுருக்கம் இல்லை.

அக்காவே கத்தி கேட்டு வாங்கி, இரண்டு குவியலிலும் ஒவ்வொன்றை அறுத்தார். சின்னையா அண்ணன் காயில் கொட்டையைச் சுற்றி மஞ்சள் நன்றாக ஏறியிருந்தது. அக்காவின் காய் உள்ளே வெள்ளரிக்காய் போல வெளுத்திருந்தது.

“எப்பப் பறிச்சீங்க?” என்றார் மேனேஜர்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். “காத்து மழை வருதுன்னு டிவியில சொன்னாக. எல்லாம் உதுந்துருமோன்னு பயந்து பத்து நாளு முன்னாடியே பறிச்சுட்டேன். உள்ள இருந்து முத்திக்கிரும்னு நெனச்சேங்க.”

“முத்தாதுக்கா. முத்துன காயா இருந்ததால அந்த ரெண்டு மணி நேரக் குளிர சின்னையா காய் தாங்கிருச்சு. எளங்காய் பதிமூணுலயே தாங்காது,” என்றார் மேனேஜர்.

நான் ஒரு காலி கிரேட் மேல் உட்கார்ந்தேன். மேனேஜர் நோட்டை என் மடியில் போட்டார். “எட்டுல வச்சது கவனக்குறைவு. மாத்தி எழுதுனது வேற. அடுத்த தடவ அப்புடி எழுதுனீன்னா இங்கிட்டு வராத.” அங்கேயே அந்த வரியை அடித்து ஒன்பதரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அக்காவின் தோப்பில் பிந்திப் பூத்த மரங்களில் இன்னும் பாதிக் காய் இருந்தது. அந்த வாரமே பறிக்க ஆள் சொல்லியிருந்தார். மறுநாள் நானே தோப்புக்குப் போய், ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, மரத்துக்கு இரண்டு காயாகப் பறித்துப் போட்டேன். முற்றிய காய் மூழ்கும். அங்கே பெரும்பாலானவை மிதந்தன.

“ஆள வேணாம்னு சொல்லிருங்கக்கா.”

“காத்தடிச்சா?”

“அடிச்சா கொஞ்சம் போகும். இப்பப் பறிச்சா எல்லாமே போகும்.”

பன்னிரண்டு நாள் கழித்து மறுபடி தண்ணீரில் போட்டபோது அநேகமாக எல்லாமே மூழ்கின. காம்புக்கு இருபுறமும் காயின் தோள்பட்டை புடைத்து எழும்பியிருந்தது. நடுவில் ஒரு நாள் காற்றடித்துக் கொஞ்சம் உதிர்ந்ததுதான், இல்லையென்று சொல்லவில்லை.

மீதியைப் பறித்து ரூமில் ஏற்றி, இருபது நாளுக்குப் பிறகு அந்தக் கிரேட்டுகளை வெளியே எடுத்தோம். காய்கள் தோல் இறுகி, கனமாக இருந்தன. நான்கு நாளில் ஒரே சீராகப் பழுத்தன. அக்கா ஒரு பழத்தை அறுத்து, முதல் துண்டை எனக்கு நீட்டினார்.

“இப்பத்தான் தம்பி மூச்சே வருது.”

எனக்கும்தான். சாறு முழங்கைவரை வழிய, வாசலில் நின்றே தின்றேன்.

இப்போது அந்தக் கிடங்குக்கு நான்தான் பொறுப்பு. புதிதாகச் சேரும் ஆபரேட்டர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். காயை ரூமுக்குள் ஏற்றும் முன் பத்துக் காயைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் ஏற்றாதீர்கள். மரத்திலேயே மஞ்சள் விழுந்ததையும் ஏற்றாதீர்கள், ஒரு வாரத்தில் குழைந்துவிடும். குளிர் அறை காயைக் காத்திருக்க வைக்கும், முற்ற வைக்காது. மெஷின் பேனலில் என்ன எண் தெரிகிறதோ அதையே எழுதுங்கள். அன்று நான் மறைத்திருந்தால் மேனேஜருக்கு மெஷின் மேல் சந்தேகம் நின்றிருக்கும், அக்கா மறுபடியும் இளங்காயைப் பறித்திருப்பார், நான் செய்யாத சேதத்தை நான்தான் செய்தேன் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருப்பேன்.