ஈயத் தாச்சியில் வறுத்த மண்

1997 ஆவணி. காலை ஐந்தரைக்குத் துணுக்காயில் தட்டிவான் ஏறினேன். மண்ணெண்ணெயில் ஓடும் வண்டி. ஓடிய தூரத்தைவிட விட்ட புகை அதிகம். முல்லைத்தீவுக் கரைக்கு அறுபது கிலோமீற்றருக்கு மேல். மடியில் வெறும் சாக்கும் மண்வெட்டியுமாக இருந்த என்னைக் கொண்டக்டர் விடவில்லை.

“எங்க ஐயா, சாக்கோட?”

“மண் எடுக்கப் போறன்.”

“ஏன், துணுக்காயில முடிஞ்சுதோ?”

வண்டியே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். விவசாய அலுவலகத்தில் என் வேலையைப் பற்றி எனக்கும் அதே சந்தேகம்தான்.

பதினொரு மணிக்கு உப்புநீர்க் களப்போரத்து மீனவக் கிராமம். கோரையும் இலைகுழையும் உக்கி உக்கிக் கறுத்துப்போன சதுப்பு மண். வரச்சொல்லி ஆள் அனுப்பியவர் மரியம்மா அக்கா. கடலுக்குப் போக முடியாத நாட்களில் பிள்ளைகளுக்குக் கறிக்கு வழியில்லை. வீட்டுப் பின்பக்கத்தில் கீரை போட நினைத்திருந்தார். ஆனால் அங்கேதான் அவருடைய கணவர் அந்தோனி அண்ணை ஐந்து வருடமாகப் பழைய பற்றரிகளை உடைத்து, வலைக்குக் கட்டும் ஈயம் உருக்கிவருகிறார்.

“போடலாமோ, கூடாதோ? ஒரு சொல் சொல்லுங்கோ,” என்றார் அக்கா.

ஒரு சொல்தான் என்னிடம் இல்லை. உக்கிய மண் ஈயத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் என்று ஒரு பாடம். பற்றரி அசிட் பட்டால் விட்டுவிடும் என்று இன்னொரு பாடம். தண்ணீர் நிற்கும் வயலில் ஒரு கதை, வடித்துக் காயவிட்ட தோட்டத்தில் வேறு கதை. எல்லாப் பாடத்திலும் சித்தியடைந்தவன் நான். சேர்த்துக் கேட்டால் முழிப்பவனும் நான்தான்.

ஆகவே யாரும் கைவைக்காத கோரைப் பற்றையில் ஒரு பை, வயலில் ஒரு பை, பின்பக்கத்தில் ஒரு பை என்று மண் எடுத்தேன். ஒப்பிட்டுப் பார்ப்பதாகத் திட்டம். “இதுகளைக் காயவைக்க வேணும்,” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது அந்தோனி அண்ணை அடுப்படியில் வியர்த்துக்கொண்டிருந்தார்.

“ஈரத்தோட கொண்டு போனாப் பாரமெல்லோ, ஐயா. மூண்டையும் வறுத்துப் போட்டன்.”

“எதில அண்ணை?”

“ஈயம் உருக்கிற தாச்சியிலதான். நல்லாத் துடைச்சனான்.”

தலையில் கைவைத்துக்கொண்டு முற்றத்தை இரண்டு தரம் சுற்றினேன். “ஐயோ அண்ணை, எல்லாம் பழுதாப் போச்சு. இனி இந்த மண் ஒண்டுக்கும் உதவாது.” புதிதாக எடுக்க நேரமில்லை, தட்டிவான் கோர்ன் அடிக்கத் தொடங்கியிருந்தது.

மரியம்மா அக்கா என்னையும் தாச்சியையும் மாறிமாறிப் பார்த்தார்.

“கொஞ்ச நேரம் தாச்சியில கிடந்த மண்ணுக்கே இந்தத் துள்ளுத் துள்ளுறீங்கள். அஞ்சு வருசமா ஈயம் சிந்தின நிலத்தில என்ர பிள்ளையளுக்குக் கீரை போடவோ?”

“வேண்டாம் அக்கா,” என்றேன். வந்ததிலிருந்து நான் குழம்பாமல் சொன்ன முதல் சொல் அது.

“அப்ப இந்த மனிசன் எங்க உருக்கிறது? வலைக்கும் ஈயம் வேணுமெல்லோ.”

 கடற்கரை மணலில் உருக்கச் சொல்லலாம். அங்கேயிருந்து ஈயம் கிணற்றுக்கு இறங்காதா?

வண்டியில் ஏறும்போது அக்கா, பிள்ளைகள் கால் வைக்காதபடி, பின்பக்கத்தைச் சுற்றி முள்ளு வேலி கட்டத் தொடங்கியிருந்தார். துணுக்காயில் என் வீட்டுச் செம்மண்ணில் கத்தரி நட நான் இவ்வளவு யோசித்ததேயில்லை.

“எவ்வளவு தூரத்துக்குக் கட்ட?” என்று கத்தினார்.

எனக்குத் தெரியவில்லை. இன்னும் தள்ளி என்று கையைக் காட்டினேன். அவர் தள்ளிப் போய் ஒரு தடியை ஊன்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இன்னும் தள்ளி என்றேன். வண்டி வளைவில் திரும்பும்வரை காட்டிக்கொண்டே இருந்தேன்.