கருநீல ஜாக்கெட்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மணலி புதுநகரில் குடியிருந்துகொண்டு கோபப்படாமல் இருப்பவன் மனுஷனே இல்லை என்பது என் கட்சி. எங்கள் தெருவில் யாருக்குக் கண் எரிந்தாலும், தலை வலித்தாலும், முந்தாநாள் மீன் குழம்பால் வயிறு கெட்டாலும் சுற்றியிருக்கும் ரசாயனக் கம்பெனிகளின் காற்றுதான் காரணம். பாதி நேரம் அது உண்மையும்கூட. அதனாலேயே மீதிப் பாதியை நான் யோசித்ததில்லை.

என் தங்கைக்குக் கல்மண்டபம் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. தெற்கத்திக்காரர் கடை. விற்பனைப் பெண்களுக்கெல்லாம் கருநீலத்தில் பாலியஸ்டர் புடவை, அதே நிறத்தில் ஜாக்கெட். அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர். வேண்டாம் என்று எழுந்தவர்களைக்கூட இன்னொரு புடவையை விரித்து உட்கார வைத்துவிடுவாள். சேர்ந்த இரண்டாம் மாதம், சித்திரை வெயிலில், பின்கழுத்து சிவந்து தடித்தது. சொறிந்து சொறிந்து நீர் வடிந்தது.

பார்த்த உடனே நான் முடிவுகட்டிவிட்டேன். எங்கள் குடியிருப்போர் சங்கம் அந்த வாரம்தான் காற்றைப் பற்றி மனு கொடுக்க இருந்தது. சாட்சிக்கு ஆள் தேவை. போனை எடுத்துக்கொண்டு கழுத்தைக் காட்டச் சொன்னேன்.

"வோணாண்ணா, கடையில பாத்தா பேஜாராயிடும்" என்றாள்.

"உனுக்கோசரமா கேக்கறேன்? ஊருக்கோசரம் கேக்கறேன். கம்முனு நில்லு" என்று அதட்டினேன்.

நின்றாள். முகமும் கழுத்தும் தெரிய எடுத்து, 'விஷக் காற்றின் விளைவு' என்று எழுதி, சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மறுநாளே அது கை மாறி அவள் கடைக்கும் போய்விட்டது.

கூட வேலை செய்தவர்கள் அவளை விட்டுத் தள்ளி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒட்டுவாரொட்டி என்று பேச்சு. அவள் விரித்த புடவையை ஒரு அம்மாள் தொடவே இல்லையாம். குணமானதும் வரச் சொல்லி முதலாளி அனுப்பிவிட்டார். அதற்கும் நான் கம்பெனியைத்தான் திட்டினேன்.

வீட்டில் இருந்த மூன்றாவது வாரம் தடிப்பு அடங்கியது. அதே காற்று, அதே நாற்றம். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். அம்மாவுக்குத்தான் உறைத்தது. அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள்; நானும் போனேன். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க முதுகில் சின்னச் சின்னதாக மருந்தும் சாயமும் வைத்து ஒட்டி, இரண்டு நாள் குளிக்கக் கூடாது என்றார்கள். பிரித்துப் பார்த்தபோது நீலச் சாயம் வைத்த இடம் மட்டும் கொப்பளித்திருந்தது. துணியின் சாயம் வியர்வையில் இறங்கியிருக்கிறது, யாருக்கும் ஒட்டாது, வெளிர் நிறத்தில் பருத்தி போட்டால் போதும் என்றார் டாக்டரம்மா. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "காத்துன்னா முகத்துலயும் கையிலயும்தானே முதல்ல வரணும்? அங்க ஒண்ணுமே இல்லையே, கவனிக்கலையா?"

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது: அக்குள், தோள், விலா என்று தையல்காரர் அளவெடுத்த மாதிரி ஜாக்கெட் பட்ட இடமெல்லாம் வந்திருக்கிறது. ஜாக்கெட்டை மீறித் தெரிந்தது அந்தக் கழுத்து ஒன்றுதான்.

டாக்டர் சீட்டோடு கடைக்கு ஓடினேன். முதலாளி நல்ல மனுஷர். படித்துப் பார்த்தார். "மொதல்லயே சொல்லியிருந்தா காட்டன்ல தச்சுப் போட்டுக்கிடச் சொல்லியிருப்பேனே தம்பி. இப்போ வேற பிள்ளைய எடுத்தாச்சு. அந்தப் படமும் எல்லாரு போன்லயும் கெடக்கு" என்றார். நான் கோபப்பட ஆளே இல்லாமல் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். தப்பு என் பேரில்தான் என்றும் சொன்னேன். வாழ்நாளில் அவளிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"ஊரெல்லாம் காட்டுனியேண்ணா. எங்கெங்க அரிக்குதுன்னு என்னாண்ட ஒரு தபா கேட்டியா?" என்றாள்.