ஞாயிற்றுக்கிழமை ஒரம்பரை

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக நியாயம் கேட்டவன் நான்தான். அப்போது எனக்கு எட்டு வயது.

பொய். எட்டு வயதில் நான் கேட்டது இன்னொரு எலும்புத் துண்டு. நியாயம் கேட்டது வேறொருவர். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. அதனால் எழுத்தில் அங்கங்கே நட்டு கழன்றிருக்கும். லேத்துப் பட்டறைக்காரன்தானே என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுத வைத்தது கோபம். எங்கள் மகளுக்கு ஒரு வயது. அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் காலையில் வந்து மாலை ஆறு மணிக்குப் போகிறார். நேற்று எங்கள் அம்மா என் மனைவியைத் தனியாக அழைத்து யோசனை சொன்னார்.

"கண்ணு, அம்மணின்னு ரெண்டு வார்த்தை நல்லாப் பேசும்மா. காயரிஞ்சு குடுப்பா, துணி மடிச்சு வெப்பா. எல்லாந் தன்னால நடக்கும்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. இந்தக் 'கண்ணு' எப்படி வேலை செய்யும் என்று நேரில் பார்த்தவன் நான்.

அப்போது சிங்காநல்லூரில் அப்பாவின் பட்டறைக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. அம்மா பட்டறைக் கணக்கைப் பார்த்துக்கொண்டார். தங்கை பிறந்ததும் அவளைப் பார்த்துக்கொள்ள சூலூர்ப் பக்கமிருந்து ஓர் அக்கா வந்தார். குழந்தையைப் பார்ப்பதுதான் பேசிய வேலை. நான் அதோடு வந்த இலவச இணைப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்குச் சோறு ஊட்டிவிட வேண்டும். எட்டு வயதுத் தடியனுக்கு ஊட்டிவிடுவதா என்று நீங்கள் கேட்கலாம். என் இரண்டு கைகளுக்கும் அப்போது பம்பரம் என்று முக்கியமான வேலை இருந்தது.

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் வேலை ஏவ மாட்டார்கள். அது மரியாதை இல்லை. கேட்பார்கள், அவ்வளவுதான். "கண்ணு, பாப்பா தூங்கறா பாரு, அதுக்குள்ள அந்த ரெண்டு பாத்தரத்தை வெளக்கிப்போட்டறயா?" என்பார் அம்மா. ரெண்டு பாத்திரம் என்றால் அடுப்படியில் இருக்கிற அத்தனையும். அது முடிந்தால், அம்மணி, மிளகாயைக் கொஞ்சம் மாடியில் காயப்போடு. அதுவும் முடிந்தால் பட்டறைப் பையன்களுக்கு டீ. பக்கத்து வீட்டில் குடியிருந்த பெரியம்மா இவர்கள் எல்லோரையும்விட இனிப்பானவர். "தங்கம்" என்று கூப்பிட்டு, முழங்காலை நீட்டி, எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிடுவார். அதட்டினால் ஒருவர் எதிர்த்துப் பேசலாம். கொஞ்சினால் என்ன செய்வது? மறுத்துச் சொல்கிறவர்தான் கெட்டவராகிப் போவார்.

ஒருநாள் சாயங்காலம் எங்களுக்கு ஒரம்பரை வந்துவிட்டார்கள். விருந்தாளிகளை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். டீ போட்டு, டிபன் செய்து, பாத்திரம் விளக்கி முடிப்பதற்குள் அக்காவின் பஸ் போய்விட்டது. மறுநாள் காலை வந்தவர், கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றார்.

"ஏனுங்கம்மா, ஒண்ணு சொல்லோணுமுங்க. ரெண்டு கொழந்தைகளையும் பாத்துக்கறனுங்க. அது என்ற வேலை. மத்த வேலைக்கு வேற ஆளு வெச்சுக்கங்க. ஆறு மணின்னா கெளம்பீருவனுங்க. ஞாயித்துக்கெழமை வரமாட்டனுங்க."

ரெண்டு என்றாரே, அந்த இரண்டில் நானும் ஒன்று. அதைக் கவனிக்கிற புத்தி அப்போது எனக்கு இல்லை.

அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏம்மணி, உன்னைய நாங்க வேலைக்காரியாட்டமா நெனைக்கறோம்? ஊட்டுப் புள்ளையாட்டமல்ல வெச்சிருக்கறோம்?"

"அதுதானுங்க வம்பு. வேலைக்காரின்னா நேரங்காலம் இருக்குமுங்க. ஊட்டுப் புள்ளைக்கு ஏதுங்க லீவு?"

இத்தனையும் 'ங்க' போட்டுத்தான். குரல் துளிகூட உயரவில்லை. தங்கை வேறு யாரிடமும் நிற்கமாட்டாள் என்பதால் அம்மா ஒத்துக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து அக்காவுக்கு எங்கள் வீட்டில் 'சட்டம் பேசறவ' என்று பேர்.

பிரச்சினை தங்கையின் காதுகுத்தில் வந்தது. வெள்ளகோவில் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்து, காது குத்தி, கிடா வெட்டி விருந்து. நாள் குறித்த பிறகுதான் பார்த்தார்கள், அது ஞாயிற்றுக்கிழமை. தங்கையை யார் வைத்துக்கொள்வது? சொந்தக்காரர்கள் கூட்டிவரும் வாண்டுகளை யார் மேய்ப்பது? வேலைக்கு வா என்று வாய்விட்டுக் கேட்கலாம், அதற்குச் சம்பளம் தருகிறோம் என்றும் சொல்லலாம். ஆனால் அப்படி நேராகக் கேட்பது எங்கள் குடும்பத்துக்கு வராது. பெரியம்மாதான் வழி கண்டுபிடித்தார்.

"பத்திரிகை வெச்சுக் கூப்பிட்டுருவோம். வந்தான்னா சும்மாவா உக்காந்திருப்பா?"

அப்படியே செய்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை. அம்மாவும் பெரியம்மாவும் சேர்ந்து நின்று, அக்காவுக்குக் குங்குமம் கொடுத்து, "குடும்பத்தோட வந்தறோணும் அம்மணி" என்று கும்பிட்டார்கள். அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் முகத்தில் வந்த சந்தோசத்தைப் பார்த்து, காரியம் முடிந்தது என்று பெரியம்மா அம்மாவுக்குக் கண்ணைக் காட்டினார்.

வேனில் அக்காவுக்கு இடம் போட்டிருந்தார்கள், தங்கையை மடியில் வைத்துக்கொள்ள வசதியாக முன் சீட்டிலேயே. அக்கா அதை வேண்டாம் என்றுவிட்டார். "ஊட்டுக்காரரு, மாமியா, பையன் எல்லாரும் வாராங்க. நாங்க பஸ்ஸுல வந்தறமுங்க." அப்போதே எங்கள் ஆட்களுக்கு மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. கூப்பிட்டவர்கள் சொன்னதை அவர் அப்படியே நம்பிவிட்டார் என்பது யாருக்கும் உறைக்கவில்லை.

காதுகுத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தங்கையை மடியில் வைத்துக்கொண்ட தாய்மாமன், தான் தொட்டால் எந்தக் குழந்தையும் அழாது என்று ஊருக்கெல்லாம் கேட்கச் சொன்னார். அவள் அழுததில் கோயில் மரத்துக் காக்கைகள் காங்கேயம்வரை போயிருக்கும். மாமனின் புது வேட்டியும் நனைந்தது. அந்த நேரத்தில்தான் அக்கா வந்தார். அரக்குக் கலரில் பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. பின்னால் வெள்ளை வேட்டியில் அவர் வீட்டுக்காரர், மாமியார், என் வயதில் ஒரு பையன். அக்கா தங்கையை வாங்கி, தோளில் போட்டு, முதுகைத் தட்டி, அழுகையை நிறுத்தினார். கையோடு கொண்டுவந்திருந்த பூப்போட்ட கவுனை அவள்மேல் வைத்துப் பார்த்தார். பிறகு அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, முதல் பந்தியில் போய்க் குடும்பத்தோடு உட்கார்ந்தார்.

நியாயம்தானே? ஒரம்பரைக்குத்தானே முதல் பந்தி? பக்கத்து இலையில் உட்காரப் போன எங்கள் தூரத்துச் சொந்தம் ஒருவர், அவர்களைப் பார்த்ததும் நாலு இலை தள்ளிப் போய் உட்கார்ந்தார். அங்கே வெயில் அடித்தது. நிழலை விட்டுவிட்டு ஏன் வெயிலுக்குப் போகிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

இலையில் தண்ணீர் தெளித்தாகிவிட்டது. உப்பு வைத்தாகிவிட்டது. பெரியம்மா வந்தார், முகமெல்லாம் சர்க்கரை.

"தங்கம், நீயி கடைசிப் பந்தியில உக்காந்துக்கலாமல்லோ? இந்தக் குட்டீகளைச் சித்த அந்த மரத்தடியில வெச்சுப் பாத்துக்க கண்ணு. நாங்க உண்டுட்டு வந்தர்றோம்."

அக்காவின் வீட்டுக்காரர் பதறிப்போய் எழுந்திருக்கப் பார்த்தார். மாமியார் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு முட்டியை ஊன்றிவிட்டார். அந்தப் பையன் மட்டும் வாளியில் வரும் கறியையே பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா வீட்டுக்காரரின் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"எல போட்டாச்சுங்க பெரியம்மா. எலையில இருந்து எந்திரிச்சுப் போனா கூப்பிட்ட ஊட்டுக்கு ஆகாதுங்க."

"அட, நீயென்ன ஒரம்பரையா? நம்ம ஊட்டுப் புள்ளையல்ல நீயி? ஊட்டாளுக கடைசியாத்தான திங்கோணும்?"

அக்கா எதிர்வரிசையைப் பார்த்தார். அங்கே பெரியம்மாவின் சொந்த மகள், இலை நிறைய வாங்கிக்கொண்டு, எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க ஊட்டுப் புள்ள எனக்கு முந்தியே உக்காந்துட்டாங்களேங்க" என்றார் அக்கா.

பந்தியில் யாரோ சிரித்துத் தொலைத்தார்கள். அதோடு பெரியம்மாவின் சர்க்கரை கரைந்துபோனது. எனக்கு இன்றைக்கு எழுதும்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டுவிட்டு, போட்ட இலையிலிருந்து எழுப்புகிறோமே என்று எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கும் கூசவில்லையே! கோயில் வாசலுக்கு வருகிற நாயைக்கூடத் தின்றுமுடிக்கும் மட்டும் விரட்டமாட்டார்களே!

இந்த இடத்தில் நான் குறுக்கே பாய்ந்து நியாயம் கேட்டேன் என்று எழுத ஆசைதான். பாய்ந்தது உண்மை. அக்கா கறிச்சோற்றைப் பிசைந்து உருண்டை பிடிக்கிறார் என்று பார்த்து, என் பழக்கத்துக்கு வாயைத் திறந்துகொண்டு போய் முன்னால் நின்றேன். உருண்டை என்னைத் தாண்டி அந்தப் பையன் வாய்க்குள் போனது.

"நீயி இன்னைக்கு அம்மாகிட்ட உண்ணு கண்ணு. நானு நாளைக்கு ஊட்டறேன்."

என் அக்கா! என் உருண்டை! நான் கோயில் புழுதியில் உருண்டு, கிடாய் கத்தியதைவிட அதிகமாகக் கத்தினேன். எலும்புத் துண்டு கேட்டது அந்தச் சமயத்தில்தான். அப்பா முதுகில் ஒன்று வைத்தார். கடைசியில், இடுப்பில் தங்கையும் கண்ணில் தண்ணீருமாக, அம்மாவே எனக்கு ஊட்டினார். நான் குழம்பு ஊற்றிய இடத்தைத் தொடமாட்டேன் என்பதுகூட அம்மாவின் கைக்குத் தெரிந்திருக்கவில்லை.

திரும்பி வரும்போது பல்லடம்வரை வேனில் அக்காவைத்தான் அரைத்தார்கள். நன்றி கெட்டவ. எடம் குடுத்தது நம்ம தப்பு. நாளைக்கு வந்தால் வாசலிலேயே நிறுத்திக் கணக்கு முடித்து அனுப்பிவிட வேண்டும். "அனுப்பீருங்க!" என்று எல்லோரையும்விடச் சத்தமாக நானும் சொன்னேன். சொல்லிவிட்டு, நிஜமாகவே அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் இரவெல்லாம் தூங்கவில்லை.

திங்கட்கிழமை காலை. தங்கைக்குக் காது வீங்கி, யாரிடமும் நிற்காமல் சிணுங்கிக்கொண்டிருந்தாள். அப்பா பட்டறையிலிருந்து கணக்குக்கு ஆள் விட்டுக்கொண்டே இருந்தார். அம்மா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். வழக்கமான நேரத்துக்குக் கேட் சத்தம் கேட்டது. பழைய வாயில் சேலை, அதே கைப்பை. நேற்று ஒன்றுமே நடக்காத மாதிரி அக்கா வந்தார்.

"பாப்பாவுக்குக் காது நோவுதுங்களா? தேங்கா எண்ணெய சுட வெச்சுத் தாங்க."

அம்மா வாயைத் திறப்பதற்குள் தங்கை அம்மாவின் தோளிலிருந்து பாய்ந்துவிட்டாள். குழந்தை அந்தப் பக்கம் போன பிறகு கணக்கு எங்கே முடிப்பது? எண்ணெய் சுடவைக்க அம்மா உள்ளே போனார். இந்தச் சம்பவத்தை எங்கள் வீட்டில் இன்றுவரை எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா? "பாவம்னு அவளை மன்னிச்சு வெச்சுக்கிட்டோம்." மன்னித்தார்களாம்! யாரை யார்?

எனக்கு இருந்த குழப்பம் வேறு. முந்தின நாள் என்னைத் தாண்டிக் கையை நீட்டியவர், அன்று சாயங்காலம் என்னைச் சுவரோரம் உட்காரவைத்து, தயிர்சோறு பிசைந்து, வாயோரத்தைத் துடைத்துத் துடைத்து ஊட்டினார். என்னைப் பிடிக்காது என்றால் இப்படித் துடைப்பாரா? பிடிக்கும் என்றால் நேற்று ஏன் ஊட்டவில்லை? கேட்டேவிட்டேன்.

"நேத்து அவனுக்கு அம்மா ஊட்டற நாளு கண்ணு" என்றார்.

"மத்த நாள்ல அவனுக்கு யாரு ஊட்டுவாங்க?"

அக்கா ஒரு உருண்டையைப் பிடித்து என் வாயில் வைத்தார். அது வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. மென்று விழுங்குவதற்குள் கேட்ட கேள்வி எனக்கு மறந்தே போய்விட்டது. அவ்வளவு பெரிய உருண்டை எதற்கு என்று அன்று எனக்குப் புரியவில்லை. இப்போது யோசித்துப் பார்த்தால்...

"ஏனுங்க, மணி ஆறாச்சுங்க. பாப்பாவ வாங்கிக்கங்க." எங்கள் மகளைப் பார்த்துக்கொள்ளும் பெண், அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவருகே நிற்கிறார்.

"இதா, ரெண்டே வரிதானுங்க. முடிச்சுப்போட்டு வாரேன்."

"அதைய பொறவு முடிச்சுக்கலாமுங்க. என்ற பொண்ணு பஸ் ஸ்டாப்புல வந்து நிக்குமுங்க."

வாரேனுங்க.