அப்பா சொன்ன சிப்பி எண்ணிக்கை

சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் செல்போன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது என் ஆய்வு பாதியில் நின்றிருந்தது. தூத்துக்குடிப் பக்கம், எங்கள் ஊரில் ஆறு கடலில் சேரும் இடத்தில், சிப்பிக் குஞ்சுகள் எங்கே போய் ஒட்டுகின்றன என்பதுதான் ஆய்வு. முட்டையிலிருந்து வரும் லார்வா இரண்டு மூன்று வாரம் தண்ணீரில் அலையும். ஓரிடத்தில் ஒட்டிவிட்டால் பிறகு சாகும்வரை நகராது. உப்பு, வெளிச்சம், நீரோட்டம், சேறு எல்லாம் தோதாக இருந்தால்தான் ஒட்டும். சுண்ணாம்பு பூசிய ஓடுகளைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டிருந்தேன். ஓராண்டுக் கணக்கு முழுதாக வேண்டும் என்றார் பேராசிரியர். ஆறே மாதத்தில் வீட்டுக்கு என் சம்பளம் தேவைப்பட்டது.

அப்பா வள்ளத்தில் மீன் பிடிப்பவர். "ஓட்டத் தூக்கி எண்ணணும், அம்புட்டுதான? நான் பாத்துக்கிடுதேன். நீ போய்ட்டு வா பிள்ள" என்றார்.

ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, விடுதிக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து பக்கத்து வீட்டு எண்ணுக்குப் பேசுவேன். அப்பா அங்கே வந்து காத்திருப்பார். "வெயில் பக்கம் ஏழு. நிழல் பக்கம் முப்பத்தொண்ணு." நிழலில்தான் எப்போதும் அதிகம், அப்பா எண்ணுவதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. பூத்துக்கார அக்கா சிரிப்பார்: "இன்னாம்மா, ஊருக்குப் போன் போட்டா நம்பரா எழுதிக்கினு கீற?"

ஐப்பசியில் அடைமழை. ஊர்ப்பக்கம் ஆற்றில் வெள்ளம் போவதாக விடுதித் தொலைக்காட்சியில் சொன்னார்கள். அந்த ஞாயிறு அப்பா சொன்னார்: "நிழல் பக்கம் அறுவது."

என் பேனா நின்றது. வெள்ளம் வந்தால் அங்கே உப்பே இருக்காது. புதிதாக எதுவும் ஒட்டாது, ஒட்டியிருப்பதும் சேறு மூடிச் செத்துப்போகும்.

"தண்ணி கலங்கலா இருக்காப்பா?"

"இல்லம்மா, தெளிவாத்தான் கெடக்கு." பிறகு இருமினார். வெகுநேரம் இருமினார்.

அவர் கடலுக்குப் போகவில்லை என்பது அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் போகவில்லை என்று கேட்டிருக்கலாம். பின்னால் நான்கு பெண்கள் வரிசையில் நின்றார்கள். கேட்டால் அவர் கூசிப்போவார் என்றும் தோன்றியது. அறுபது என்று எழுதிக்கொண்டு போனை வைத்தேன். அதற்கடுத்த இரண்டு தடவையும் அப்படியே எழுதினேன்.

மார்கழி பிறக்கும் முன், லைனில் நின்றிருந்தபோது சூப்பர்வைசர் வந்து கூப்பிட்டார். அப்பா இறந்துவிட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள்தான் அம்மா சொன்னாள்: "ஐப்பசியிலயே வள்ளத்துல ஏற மாட்டாம ஆயிட்டாவ. நெஞ்சுச் சளி. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னுட்டாவ. ஞாயித்துக்கெழமன்னா பழைய கணக்குத் தாள எடுத்து வச்சிக்கிட்டு, அதப் பாத்துப் பாத்து நம்பர் எழுதுவாவ. நீ மறுபடி படிக்கப் போவேன்னு நெனப்பு."

சித்தப்பா என்னை வள்ளத்தில் கூட்டிப்போனார். இரண்டு கயிறுகள் வெள்ளத்தோடு போயிருந்தன. மீதியைத் தூக்கினோம். ஓடுகளில் விரற்கடை உயரத்துக்குச் சேறு. கையால் வழித்தால், வாய் பிளந்த வெறும் சிப்பிகள். சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எதையும் எண்ணவில்லை.

மழை மாதக் கணக்கு பொய் என்று பேராசிரியருக்கு எழுதினேன். அடுத்த வருடம் மறுபடி தொடங்கலாம் என்று அன்பாகத்தான் பதில் போட்டார். நான் தொடங்கவில்லை.

லீவு ஐந்து நாள்தான். கிளம்பும்போது அம்மாவையும் என்னோடு வரச் சொன்னேன். "கோயில்ல முப்பதாம் நாள் பூச முடியட்டும்" என்றாள். அது முடிந்த பிறகும் அவள் வரவில்லை.