அப்பா சாப்பிடாத கறி

எனக்குப் பத்து வயது நடந்தபோது அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. அலுவலகத்தில் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தவர் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். உடன் வேலை பார்த்தவர்கள் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆறு நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது அவர் கையில் மாத்திரைப் பையும் அம்மா கையில் ஒரு தாளும் இருந்தன. என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக் கூடாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்த தாள். கூடாத பக்கத்தில் கறி, ஈரல், முட்டை, பால், நெய் என்று வரிசையாக இருந்தது. எனக்கும் தம்பிக்கும் பிடித்தது எல்லாமே அந்தப் பக்கத்தில்தான் இருந்தது.

அம்மா அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தாள். சாமிக்குக்கூட அவ்வளவு பயந்தவள் இல்லை.

"அவருக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணுன்னு ஆக்குனா, வாசத்துக்கே மனுசன் ஏங்கிப்போவாரு. இனிமே எல்லாருக்கும் ஒரே சமையல்தான்" என்று எங்களிடம் சொல்லிவிட்டாள்.

அதுவரை ஞாயிற்றுக்கிழமை என்பது அப்பாவின் கிழமையாக இருந்தது. விடிந்ததும் விளாங்குடிக் கறிக்கடையில் முதல் ஆளாகப் போய் நிற்பார். தொடைக்கறியில் கொஞ்சம், நெஞ்செலும்பில் கொஞ்சம் என்று கேட்டு வாங்குவார். சின்ன வெங்காயத்தைத் தானே உரித்துக் கொடுப்பார். நல்லி எலும்பைத் தட்டில் தட்டி, உள்ளிருப்பதை என் சோற்றில் உதிர்ப்பார். இனி அந்தக் கிழமையில் தட்டைப்பயறுக் குழம்பும் முருங்கைக்கீரையும்தான். காலையில் கம்பங்கூழ், மோர் இல்லாமல். பால் டீக்குப் பதில் கடுங்காப்பி. வரகரிசிச் சோற்றைப் பார்த்து முதல் நாள் தம்பி அழுதான். அப்பா வைத்ததைச் சாப்பிட்டார். ஆனால் முதல் சில மாதங்கள், ஞாயிறு காலையில் மட்டும் செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

உடம்பு தேறியது. கூப்பிடு தூரத்துக்கே மூச்சு வாங்கியவர், சாயங்காலங்களில் எங்களைக் கூட்டிக்கொண்டு ஊரணிவரை நடந்து வந்தார். டாக்டர் சந்தோஷப்பட்டதாக அம்மா எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெரியப்பா ஒருநாள் பார்க்க வந்தார். அப்பாவின் ஒரே அண்ணன். படிப்பை நிறுத்திவிட்டு அடுத்தவர் வயலில் வேலைக்குப் போய் அப்பாவைப் படிக்கவைத்தவர். கட்டைப் பைக்குள் ஒரு நாட்டுக்கோழி தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

"சாறு வச்சுக் குடு ஆத்தா. தெம்பு வரட்டும்" என்று பையை அம்மாவிடம் நீட்டினார். அம்மா சுவரிலிருந்த தாளைக் காட்டினாள். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"கறி திங்கிற ஆளுகளுக்கு வீடு இல்லன்னு மூணு தெருவுல ஒன்னய வெளிய நிக்க வச்சான். அதுக்காகத்தான கடன ஒடன வாங்கி இந்த வீட்டக் கட்டுன. இப்ப நீயே விட்டுட்டேங்கிற."

"அண்ணே, இது நெஞ்சுக்கு. வேற எதுக்கும் இல்ல."

"அது எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமாடா?"

அப்பா அவரைச் சாப்பிட உட்காரவைத்தார். பெரியப்பா பயறுக் குழம்பு ஊற்றி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். கோழி அவரோடு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனது. வீடு வாடகைக்குக் கிடைப்பதற்கும் கறிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் அம்மாவிடம் கேட்டேன். "போய்ப் படி" என்றாள்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு அம்மா இருந்தார். அவருடைய மகள் என் வகுப்புதான். பள்ளியில் என்னோடு பேசுவாள், தெருவில் பேசமாட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மசாலா வறுக்கத் தொடங்கியதும் அவர்கள் சன்னல் சாத்தப்படும். அது தினமும் தண்ணீர் வருவது மாதிரி, பால்காரர் மணியடிப்பது மாதிரி, நான் யோசித்தே பார்க்காத ஒரு விஷயம். கறி நின்ற சில மாதங்களில் அந்தச் சன்னல் சாத்தப்படுவதும் நின்றது. எதிர்வீட்டு அம்மா ஒருநாள் என்னை அவர்கள் வாசலருகே நிறுத்தி விசாரித்தார்.

"என்னம்மா, இப்பல்லாம் உங்க வீட்ல வாசமே இல்லையே?"

"நாங்க இப்ப சைவம்" என்றேன். அப்பாவின் நெஞ்சுவலியைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. சைவம் என்ற சொல் வாயில் நன்றாக இருந்தது.

அதன் பிறகு எனக்கு ஒரு தோழி கிடைத்தாள். அவர்கள் வீட்டு மாடியில் விளையாடினோம். அவர்கள் டம்ளரில் தண்ணீர் குடித்தேன். நவராத்திரிக்குக் கொலு வைத்தபோது பொம்மைகளை எடுத்துக் கொடுக்க என்னையும் கூப்பிட்டார்கள். ஞாயிறுகளில் கறி இல்லாதது பெரிய குறையாகவே தெரியவில்லை. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது ஒருவகையில் நல்லதுதான் என்றுகூட ஒருநாள் நினைத்தேன். நினைத்த உடனே பயந்துபோய்ச் சாமி கும்பிட்டேன்.

கொலு முடிகிற வாரத்தில், ஒரு சாயங்காலம், எதிர்வீட்டு அம்மாவே இலையில் மடித்த சுண்டலோடு எங்கள் வாசலுக்கு வந்தார். முதல் முறையாக வந்தார். அப்பா எழுந்து நின்று, "வாங்கம்மா" என்றார். அம்மா அவசரமாக நாற்காலியைத் துடைத்தாள்.

"இருக்கட்டும். சும்மா சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன் சார்" என்றார் அவர். அவர் முகத்தில் உண்மையான அன்பு இருந்தது. "நல்ல காரியம் பண்ணீங்க. பழக்கத்த விட்டுட்டா அப்புறம் என்ன, எல்லாரும் ஒண்ணுதானே? இப்பத்தான் வீடே சுத்தமா இருக்கு. பிள்ளைங்களும் நல்லபடியா வருவாங்க பாருங்க."

அப்பா சுண்டலை வாங்கிக்கொண்டு, "சரிங்கம்மா" என்றார். அந்த அம்மா போன பிறகும் அதைக் கையில் வைத்தபடியே நின்றிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, அவங்ககிட்ட என்ன சொன்ன?"

"நம்ம இப்ப சைவம்னு சொன்னேன்ப்பா. நல்ல பிள்ளைன்னாங்க. இப்பல்லாம் அடுப்படிவரைக்கும் என்னைய விடுறாங்க."

பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சுண்டலை மேசைமேல் வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு நடக்கப் போய்விட்டார். அன்று எங்களைக் கூப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு விடிந்ததும் என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு கறிக்கடைக்குப் போனார். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "என்ன சார், ஆளையே காணோம்?" என்றார். அப்பா எப்போதும் வாங்குவதுபோல் தொடைக்கறி கேட்டார், நெஞ்செலும்பு கேட்டார். வீட்டில் அம்மா பையைப் பிரித்துப் பார்த்தாள்.

"என்னங்க இது? எட்டு மாசம் வாயக் கட்டுனது எதுக்கு? நாங்க நடுத்தெருவுல நிக்கணுமா?" என்று அழத் தொடங்கினாள்.

"நான் தொடமாட்டேன். பிள்ளைகளுக்குத்தான்."

"பிள்ளைக கேக்கவே இல்லையே!"

"நான் கேக்குறேன். நீ ஆக்கு. மல்லி, மிளகா எல்லாம் வறுத்து அரை. கடைத்தூள் வேணாம்." சொல்லிவிட்டு முன்னறைச் சன்னல்கள் இரண்டையும் அவரே திறந்தார். வாசல் கதவையும் அகலத் திறந்து, அது சாத்திக்கொள்ளாமல் இருக்கக் கல் ஒன்றை அண்டக் கொடுத்தார். பிறகு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார்.

எட்டு மாதம் கழித்து எங்கள் அடுப்பிலிருந்து அந்த வாசனை கிளம்பியது. தெருவில் போன ஒருவர் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுச் சன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்டது. நான் வாசலுக்கு ஓடினேன். சன்னலுக்குப் பின்னால் தோழியின் முகம் தெரிந்த மாதிரி இருந்தது. பள்ளியில் மறுநாள் அவள் வேறு பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தாள். அவர்கள் மாடிக்கு நான் அதன் பிறகு போனதில்லை.

அப்பா தன் பேச்சைக் காப்பாற்றினார். அன்றும் தொடவில்லை, இன்றுவரையும் தொடவில்லை. ஊர்த் திருவிழாவில் கிடா வெட்டும்போதும், என் கல்யாணப் பந்தியிலும், அவர் இலையில் கீரையும் பயறும்தான். எழுபதை நெருங்கியும் அழகர்கோவில் மலையில் என்னைவிட வேகமாக ஏறுகிறார். டாக்டர் எழுதிக்கொடுத்த தாளை அவரைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் யாரும் இருக்கமாட்டார்கள். ஆனால் வீட்டில் மாதம் ஒரு ஞாயிறு கறி எடுப்பதை மட்டும் அவர் விடவில்லை. தானே போய் வாங்கினார், தானே வெங்காயம் உரித்தார், எங்களுக்குப் பரிமாறினார்.

அந்த முதல் ஞாயிறு மத்தியானம் தம்பி இரண்டு கையாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் தட்டைத் தொடவில்லை. அப்பா தன் வரகரிசிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்லி எலும்பைத் தட்டி என் சோற்றில் உதிர்த்தார்.

"சாப்பிடு பாப்பா."

"நீங்க திங்காத கறிய எதுக்குப்பா வாங்குனீங்க?"

"உனக்குப் பிடிக்கும்ல."

எனக்கு ஆத்திரமாக வந்தது. எதிர்வீட்டில் கேட்டுப் பழகிய ஒரு சொல் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது.

"எனக்குப் பிடிக்காது. நாத்தம்" என்றேன்.

அப்பாவின் கை என் தட்டின் மேல் அப்படியே நின்றது. அம்மா அடுப்படியிலிருந்து, "என்னடி சொன்ன?" என்று பாய்ந்து வந்தாள். "விடு" என்று அவளைத் தடுத்தார். கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போய், திறந்திருந்த கதவருகே தெருவைப் பார்த்து நின்றுகொண்டார். வெகுநேரம் அவர் திரும்பவே இல்லை.

அப்பாவுக்கு என்மேல் கோபம் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.